தொல்லைக்காப்பியம்: வீட்டு வண்டியின் முதுகில் மின்சைக்கிள் ஏற்றுதல் பற்றிய மூன்று அதிகாரங்கள்

பாயிரம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று சொல்லிவைத்த முன்னோர், வண்டியின் மேலேயே வண்டி ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவன் நான். ஆகவே இந்நூல்.

நூலின் எல்லை: வடக்கே டென்மார்க், தெற்கே சிசிலி. களம்: ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை, பெர்ன்காஸ்டெல்-கூஸ் என்ற ஊர். கருவி: மடக்கு நாற்காலி ஒன்று, ஃபிளாஸ்க் ஒன்று. நிதியுதவி: என் மனைவி (நாற்காலிக்கு மட்டும்). கேட்போர்: வீட்டு வண்டி வாங்கும் உத்தேசம் இல்லாத தமிழர். பயன்: அந்த உத்தேசம் இனியும் வராமல் காத்தல்.

ஆய்வுச் சிக்கல் இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெர்மானியத் தம்பதியர் சமையலறையும் படுக்கையும் கழிப்பறையும் உள்ள ஒரு வண்டியை வாங்குகிறார்கள். அதன் பின்சுவரில் இரண்டு மின்சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். வண்டிக்கு எஞ்சின் உண்டு, சைக்கிளுக்கும் மோட்டார் உண்டு. தானே ஓடக்கூடிய ஒன்று, தானே ஓடக்கூடிய இரண்டைத் தூக்கிக்கொண்டு எண்ணூறு கிலோமீட்டர் ஓடுகிறது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலை சைக்கிளை இறக்கி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள பேக்கரிக்கு ஓட்டிப் போய் நாலு ப்ரோட்சன் வாங்கி வருகிறார்கள். ப்ரோட்சன் என்பது கையடக்கமான உருண்டை ரொட்டி. இதற்கா இவ்வளவு என்று கேட்பவருக்கு இந்நூல் விடை சொல்லும்.

முன்னோர் நெறி

1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர், பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் கட்டிக்கொடுத்த ‘வாண்டரர்’ என்ற வீட்டு வண்டியில் பிரிட்டனைச் சுற்றினார். இழுத்தவை இரண்டு குதிரைகள். அவருடைய பணியாள் மூன்று சக்கரச் சைக்கிளில் முன்னே போய், பெரிய வண்டி வருகிறது, வழி விடுங்கள் என்று எதிரே வருவோரை எச்சரிப்பார். அன்று சைக்கிள் முன்னே போயிற்று, வீடு பின்னே வந்தது. இன்று வீடு முன்னே போகிறது, சைக்கிள் அதன் முதுகில் உட்கார்ந்து வருகிறது. பணியாள் எசமானர் ஆன கதையை வேறு துறைகளிலும் நாம் கண்டிருக்கிறோம்.

சைக்கிளின் உடல்வாகும் ஆராயத்தக்கது. கார்ல் டிரைஸ் 1817இல் மான்ஹைமில் உருட்டிக் காட்டிய ஆதி ஈருருளி மரத்தால் ஆனது. பெடல் கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். எடை இருபது கிலோவைத் தாண்டியது. பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் அதை இளைக்க வைத்தார்கள். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலகச் சைக்கிள் சங்கமே கோடு போட வேண்டியதாயிற்று. இவ்வளவு பாடுபட்டு இளைக்க வைத்ததற்கு மோட்டாரும் பேட்டரியும் மாட்டினார்கள். மறுபடி இருபத்தைந்து கிலோ. பத்தியம் இருந்தவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதுபோல்.

மூன்றாம் முன்னோர், தென் ஜெர்மனியின் இஸ்னி ஊரில் சாட்டை தயாரித்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ். வியாபாரத்துக்காக அவர் ஊர் ஊராக அலைய, அவருடைய துணைவியும் ஓவியருமான ஃப்ரிடெல் அவரைப் பிரிந்திருக்க விரும்பவில்லை. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு ஒன்றை டெத்லெஃப்ஸ் 1931இல் செய்தார். இத்துறை பிரிவாற்றாமையில் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்க. பொருளதிகாரத்தில் தேவைப்படும்.

1. எழுத்ததிகாரம்

இத்துறையின் எழுத்தெல்லாம் எண்ணே. முதல் எண் 3,500. சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் ஐரோப்பாவில் பொதுவாக ஓட்டக்கூடிய வண்டியின் மொத்த எடை அவ்வளவு கிலோதான். வீட்டு வண்டி காலியாகவே ஏறக்குறைய 3,000 கிலோ நிற்கும். மிச்சத்துக்குள் நூறு லிட்டர் தண்ணீர், காஸ் சிலிண்டர், வெயில் மறைப்பு, நாற்காலி, ஒயின், மனைவி. ஓட்டுநருக்கு மட்டும் விதிமுறை 75 கிலோ என்று முன்கூட்டியே ஒதுக்கி, அதைக் காலி வண்டியின் எடையிலேயே சேர்த்துவிடுகிறது. நான் பார்த்த ஓட்டுநர்கள் யாருக்கும் அந்த ஒதுக்கீடு போதாது.

சைக்கிள் இரண்டுக்கு 50 கிலோ, அவை நிற்கும் தாங்கிக்கு 15, ஆக 65 கிலோ என்று கணக்குப் போடுவோர் கணக்கு அறியார். ஏற்றம் இறைத்த சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 4 மீட்டர், பின்னச்சுக்கு அப்பால் 2.4 மீட்டர் தள்ளிச் சைக்கிள் தொங்குகிறது என்று கொள்வோம். பின்னச்சு ஏற்றக்காலாக நிற்க, வால் பக்கம் அழுந்துகிறது, தலைப் பக்கம் எழும்புகிறது. முன்னச்சிலிருந்து 39 கிலோ கழன்று பின்னச்சில் போய் விழுகிறது. ஏற்றியவர் 65 என்கிறார், பின்னச்சு 104 என்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

பல வீட்டு வண்டிகளுக்கு அடித்தளமாக அமைந்த ஃபியட் டுகாட்டோவில் இழுப்பது முன்சக்கரம். அதன் பாரம் குறைந்தால் பிடிப்பும் குறையும். மழை பெய்த புல்தரையில் இப்படி ஒரு வண்டி, முன்சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேறு கடைய, நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டேன். கடைசியில் இரண்டு சைக்கிளையும் இறக்கிய பிறகுதான் அது நகர்ந்தது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475ஆம் குறளில் சொன்னது பகைவரைக் குறித்து என்பர் உரையாசிரியர்கள். பின்னச்சைக் குறித்து என்பது என் உரை.

எழுத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. சைக்கிள்கள் நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைத்தால், சைக்கிளுக்கும் பின்னால் இன்னொன்று மாட்ட வேண்டும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 50 சென்டிமீட்டர் சதுரத்தில், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்கோடு போட்ட, ஒளி பட்டால் மின்னும் பலகை கட்டாயம். கோயில் மதிலில் செங்குத்தாகப் பார்த்த பட்டையைச் சற்றே சாய்த்து நினைத்துக்கொள்க. அங்கே உள்ளே சாமி இருக்கிறது என்று பொருள், இங்கே வெளியே சைக்கிள் இருக்கிறது என்று பொருள்.

2. சொல்லதிகாரம்

இது குறுகிய அதிகாரம், ஆயினும் குழப்பம் நிறைந்தது. மோட்டார் ஹோம் என்பதற்குக் கேரவன் என்று நாம் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் இளைப்பாறும் வண்டி. அதன் பின்னால் சைக்கிள் கட்டியிருந்தால் அது படத்தின் பாட்டுக் காட்சிக்கு உரியது. பைக் என்றால் நமக்கு மோட்டார் சைக்கிள். ஆகவே இ-பைக் என்றதும் மின் ஸ்கூட்டரை நினைப்போம். அதை மூன்று டன் வண்டியின் பின்சுவரில் கட்டினால் எழுத்ததிகாரம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டி வரும்.

ஜெர்மானியர் இதைப் பெடெலெக் என்கிறார்கள். 1999இல் சூசான் புரூஷ் தம் ஆய்வேட்டுக்காக ஆக்கிய சொல். ஆய்வேட்டில் பிறந்து தெருவுக்கு வந்த சொல்லைக் காணும்போது இவ்வாய்வாளனுக்குக் கொஞ்சம் பொறாமை வருகிறது. மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும், 25 கிலோமீட்டர் வேகத்தில் கையை எடுத்துக்கொள்ளும், மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டாது. இவ்வளவு இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் சைக்கிள். முதுகெலும்பின் கண்ணுக்கு அல்ல.

3. பொருளதிகாரம்

பொருள் இருவகைப்படும்: அகம், புறம். வண்டியின் வால்பகுதியில், கட்டிலுக்கு அடியில், கேரேஜ் எனப்படும் அறை இருந்து அதற்குள் சைக்கிளை நுழைப்பது அகம். ஹேண்டிலைத் திருப்பி, சீட்டை இறக்கி, தலையைக் குனிந்து, உள்ளே போனவர் வெளியே வர வழியின்றிச் சைக்கிளைக் கட்டிப்பிடித்து நிற்பது இதன் மெய்ப்பாடு. பின்சுவரில் இத்தாலியின் ஃபியாமாவோ ஸ்வீடனின் தூலேயோ செய்த தாங்கியைப் பொருத்தி, ஊரறியக் கட்டுவது புறம். மழையும் புழுதியும் புறத்துக்கு உண்டு. உறை போர்த்தினால் காற்று அதைப் பாய்மரமாக்கும்.

புறத்தில் கட்டினாலும் அங்கே நிகழ்வதெல்லாம் அகத்திணைதான் என்பது என் கள ஆய்வின் முடிவு. எதிரே இருந்த வண்டியில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. மூன்று நாள் கவனித்ததில் ஐந்து திணையும் கிடைத்தன.

பிரிதல் பேட்டரிக்கு உரியது. பயணத்தின்போது அதைக் கழற்றி உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். சைக்கிள் இரண்டும் சேர்ந்து ஏழு கிலோ வரை இளைக்கும். அந்த ஏழு கிலோவும் வாலை விட்டு இரண்டு அச்சுக்கும் நடுவே வந்து சேரும். பெரியவர் சாவி போட்டுக் கழற்றினார். அம்மா அதை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கி, சோபாவுக்கு அடியில் துண்டு விரித்துப் படுக்க வைத்தார். பேட்டரி இருந்த குழிக்கு ஒரு ரப்பர் மூடி. ஹேண்டிலில் இருந்த சிறு திரைக்கு, ஏதோ ஓட்டலில் எடுத்துவந்த ஷவர் கேப்.

ஊடல் ஏற்றும்போது வரும். கனமான சைக்கிள் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். அடுத்ததைத் தலைகால் மாற்றி நிறுத்த வேண்டும். அப்போதும் இதன் பெடல் அதன் கம்பிக்குள் நுழையும், அதன் ஹேண்டில் இதன் சீட்டை முட்டும். “பெடலைத் திருப்பு.” “திருப்பித்தான் வைத்திருக்கிறேன்.” “அந்தப் பக்கம் திருப்பு.” “எந்தப் பக்கம் அந்தப் பக்கம்?” பிறகு கால்மணி நேரம் பேச்சே இல்லை. வார்ப்பட்டை இழுபடும் சத்தம் மட்டும்.

இரங்கல் இரவில். வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பழைய ரக பேட்டரியில் பாதியைத்தான் பழுதில்லாமல் எடுக்கலாம், சுமார் 600 வாட்-மணி. சைக்கிள் பேட்டரி ஒன்று 500 கேட்கும். இன்வெர்ட்டர் வழியில் கொஞ்சம் தின்னும். ஒரு சைக்கிளுக்கு ஊட்டினால் இரவு விளக்கு மங்கும், இரண்டாவது பட்டினி. யாருடைய சைக்கிளுக்கு என்ற கேள்வியில் மறுபடி ஊடல். வண்டிகள் தங்கும் திடலில் மின் கம்பம் இருந்தால் இத்திணை நீங்கும்.

இருத்தல் மழைநாளுக்கு உரியது. கண்ணாடிக்கு உள்ளே இருவர், வெளியே இருவர், யாரும் எங்கும் போகவில்லை.

ஐந்தாவதான கூடலை மூன்றாம் நாள் காலை கண்டேன். மழை விட்டிருந்தது. பட்டையை அவிழ்த்து இறக்கி, பேட்டரியை அதன் குழியில் சொருக, ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். ஷவர் கேப்பை அம்மா கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆற்றோரப் பாதையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள், பாலத்தின் மேட்டில்கூட வேகம் குறையாமல். திராட்சைத் தோட்டச் சரிவின் அடியில் சிறிதாகி மறைந்தார்கள்.

மறுப்பும் விடையும்

போகும் ஊரில் வாடகைச் சைக்கிள் எடுக்கலாமே என்பர். தன் உடம்புக்குப் பழகிய சீட்டை விட்டுப் பிறர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் இப்படிக் கேட்க மாட்டார். விமானத்தில் அனுப்பலாமே என்பர். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது, இதுவோ 500. வீட்டு வண்டியிலேயே பேக்கரிக்குப் போகலாமே என்பர். இரண்டரை மீட்டருக்கும் உயர்ந்த வீட்டைப் பழைய ஊரின் சந்துக்குள் ஓட்ட வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும். கிளம்புமுன் காபிக் கோப்பையைக் கழுவி அடுக்க வேண்டும், மின் கம்பியைச் சுருட்ட வேண்டும், கட்டில் மேல் கிடப்பதையெல்லாம் இறக்கி வைக்க வேண்டும். வீட்டோடு கடைக்குப் போவது நத்தைக்கே முடியும், அதற்கும் ப்ரோட்சன் வேண்டியதில்லை. பெரிய கப்பல் கரைக்கு வராது, தோணியைத்தான் இறக்க வேண்டும்.

நடந்தே போகலாமே என்ற மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய முழங்கால் அதற்கு விடை சொல்லும். எண்ணூறு கிலோமீட்டரை வண்டி பார்த்துக்கொள்ளும். அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரைத்தான் மனிதர்கள் தாங்களே போக ஆசைப்படுகிறார்கள்.

முடிபு

கிளம்பும் நாளில் பெரியவரிடம் ஓர் ஐயம் கேட்டேன். பின்னால் வருவதைக் காட்ட வண்டிக்கு ஒரு கேமரா உண்டு. சைக்கிள் ஏற்றிய பிறகு ஓட்டுநர் முன்னுள்ள திரையில் சாலை தெரியாது, சைக்கிள் கம்பிகள்தான் நிறைந்திருக்கும். பின்னால் வருவது எப்படித் தெரியும் என்றேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் காட்டினார். அப்படியானால் திரையை அணைத்து வைக்கலாமே என்றேன்.

அவர் யோசித்தார். பக்கத்து இருக்கையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அணைத்துவிட்டால் அவை இரண்டும் வருகின்றனவா என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?”

முன்னவர் பின்னதைப் பார்த்தபடி செல்வது, பின்னது முன்னவரைச் சுமக்கும் நாளுக்காக என்க.