பேயை விடு, மாட்டைப் பாரு

ஹாலோவீனுக்குப் பாப்பாவை முகமூடி மாட்டி அனுப்புறதா வேண்டாமான்னு வெசனப்பட்டு எனக்குப் போன் போட்டே பாரு கண்ணு, அதுக்கே உன்னைத் தட்டிக் குடுக்கணும். டப்ளின்ல உக்காந்துக்கிட்டு அயர்லாந்துப் பண்டிகைக்குக் காங்கயத்துல வெளக்கம் கேக்கிறவன் நீ ஒருத்தனாத்தான் இருப்பே.

உனக்கு ரெண்டு பக்கமும் இடி. ஜெபக்கூட்டத்துல அது சாத்தான் பண்டிகைங்கறாங்க. உன்ற ஆபீஸ்ல அந்தத் தாடிக்காரன், அது ரெண்டாயிரம் வருசத்துப் பூர்வீக வழிபாடு, போப்பாண்டவர் திருடிட்டாருங்கறான். ரெண்டு பேருக்கும் தலையை ஆட்டிட்டு வா. தலையாட்டுறதுக்கு முட்டுவழி கெடையாது.

நான் மாடு வச்சவன். எனக்கு இந்தப் பண்டிகை படிச்சதும் புரிஞ்சுபோச்சு. அதோட பழைய பேரு சௌவின். மே மாசம் பொறந்ததும் அந்த ஊர்ல மாட்டை மலை மேய்ச்சலுக்கு ஓட்டுவாங்க. பொண்டு புள்ளைங்க அங்கயே குடிசை போட்டுத் தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுப்பாங்க. நவம்பர் பொறக்கிறப்போ எல்லாத்தையும் கீழே ஓட்டியாந்துருவாங்க. அன்னைக்குச் சௌவின். வெயில்காலம் முடிஞ்சுது, குளிர்காலம் தொடங்குது. இனிப் புல்லு வளராது. இருக்கிற தீனி எத்தனை உருப்படிக்குத் தாங்கும்னு எண்ணிப் பாத்து, தாங்காததை அறுத்து உப்புப் போட்டு வச்சுக்கணும். நம்ம கொறங்காட்டுல கொழுக்கட்டைப்புல்லு தீஞ்சுபோற கோடையில நான் போட்ட அதே கணக்கு; என்ன, நான் சந்தைக்கு ஓட்டுனேன், அவன் சட்டிக்கு ஓட்டுனான். பொழுதோட பெரிய நெருப்பு, வயிறு முட்டக் கறி, குடி, ஒறம்பரைக் கூட்டம். பின்னாடி ஜமீன்தாருங்க காலத்துலயும் மே, நவம்பர்னு ரெண்டு தவணையாத்தான் குத்தகைப் பணம் கட்டணும். அந்த ராத்திரி யாராவது கதவைத் தட்டுனா, பேய்க்கு மட்டுந்தான் பயந்திருப்பாங்கங்கறயா?

பேயே இல்லைன்னு நான் சொல்லலை. அவங்க பழைய கதையில அன்னைக்கு ராத்திரிதான் மறு உலகத்துக் கதவு தொறக்கும். தாரா மலையில ராசா அரமனையை ஐலன்னு ஒருத்தன் வருசா வருசம் சௌவின் ராத்திரி வந்து கொளுத்துவான். முதல்ல பாட்டு வாசிச்சு எல்லாரையும் தூங்க வச்சுட்டு, அப்புறம் வாயில நெருப்புக் கக்குவான். இருவத்துமூணு வருசம் இந்தக் கூத்து. ஃபின்னுன்னு ஒரு பையன் வந்து, ஈட்டி முனையை நெத்தியில வச்சுக்கிட்டு முழிச்சிருந்து அவனைத் தீத்தான். இன்னைக்கும் ராஸ்காமன் பக்கம் ஒரு குகையைக் காட்டி, அந்த ராத்திரி மறு உலகத்து ஆளுங்க இது வழியாத்தான் வெளியே வருவாங்கன்னு சொல்றாங்க. பூக்கான்னு ஒரு குட்டிப் பூதம் வேற. சௌவின் வந்துட்டா வேலியில இருக்கிற பிளாக்பெர்ரி மேலெல்லாம் எச்சில் துப்பிட்டுப் போயிருமாம், அதுக்கப்புறம் பறிக்கக் கூடாதாம். அழுகுன பழத்தைத் தின்னு வயித்து நோவு வந்த புள்ளைங்களைப் பாத்த கெழவி எவளோதான் அந்தப் பூதத்தைப் பெத்திருக்கணும்.

ஆனா இதையெல்லாம் ஏட்டுல எழுதுனது யாரு? மடத்துச் சாமியாருங்க. சிலுவை வந்து பல நூறு வருசம் ஆனப்புறம், அவங்களே உக்காந்து எழுதுனது. பழைய பூசாரிங்க ஒரு வரி எழுதி வைக்கலை. கால் (Gaul) நாட்டுல, அதாவது இன்னைய பிரான்ஸ் பக்கத்துல, இருந்த அதே சாதிப் பூசாரிங்க தங்களோட வித்தையை எழுத்துல வைக்கிறது தகாதுன்னு நெனச்சாங்கன்னு ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறான். அதனால, அன்னைக்கு நெருப்புக்கு முன்னால என்ன மந்திரம் சொன்னாங்கன்னு உன்ற தாடிக்காரனைக் கேளு. முழிப்பான். நல்லா முழிச்சதும் ஒரு டீ வாங்கிக் குடு.

சரி, சாத்தான் எங்கிருந்து வந்தான்? இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். சார்லஸ் வலன்சின்னு ஒரு பட்டாளத்து இஞ்சினீயர். இங்கிலாந்துல இருந்து அயர்லாந்துக்குக் கோட்டை, பாலம் அளக்கப் போனவன், அதோட நிக்காம சரித்திரத்தையும் அளந்தான். 1780கள்ல, சௌவின்ங்கறது நாள் இல்லை, சாவுக்கு அதிபதியான ஒரு தெய்வம்னு எழுதிட்டான். அப்படி ஒரு சாமி ஐரிஷ் ஏட்டுல எங்கயுமே இல்லை. ஆளு லேசுப்பட்டவன் இல்லை கண்ணு. அயர்லாந்தோட பழைய சரித்திரத்தை இந்தியப் பிராமணருங்களோட சமஸ்கிருதப் புத்தகங்களை வச்சு நிரூபிச்சிட்டதா 1797-ல தனியா ஒரு புத்தகமே போட்டான். மொழி படிச்சவங்க சிரிச்சாங்க. ஆனா அந்தச் சாவுச்சாமி மட்டும் சாகலை. புத்தகம் விட்டுப் புத்தகம் தாவி, கப்பலேறி, அமெரிக்காவுல பண்டிகை வேண்டாம்னு அச்சடிக்கிற துண்டுப் பிரசுரத்துல ஏறி உக்காந்துக்கிச்சு. உன்ற ஜெபக்கூட்டத்துக்காரங்க வெரட்டுறது அந்த இஞ்சினீயர் பெத்த புள்ளையைத்தான். தாடிக்காரன் மட்டும் என்ன ஒழுங்கா? சௌவின்தான் கெல்டிக் புத்தாண்டுன்னு அவன் சொல்றது ஆக்ஸ்போர்டு ஜான் ரீஸோட யூகம், பழைய எழவுத் திருவிழாங்கறது கேம்பிரிட்ஜ் ஜேம்ஸ் ஃபிரேசர் அதைப் பெருசு பண்ணுனது. ரெண்டுக்கும் வயசு நூத்தம்பதைத் தாண்டாது.

போப்பாண்டவர் திருட்டுக்கு வருவோம். எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு நாள்னு நவம்பர் 1-ஐ வச்சது சௌவினை அமுக்கத்தான்னு கேஸு. ரோமாபுரியில 609 வாக்குல ஒரு பழைய கோயிலைச் சர்ச்சா மாத்துனப்போ தேதி மே 13. நவம்பர் 1 மெதுவா ஐரோப்பாப் பக்கம் பரவி, 835-ல நாலாவது கிரகோரி காலத்துல பிராங்கிய ராச்சியம் பூரா வந்துருச்சு. அப்போ அயர்லாந்துல? 800 வாக்குல அங்கத்திய சர்ச் பட்டியல்ல அந்த விழா ஏப்ரல் 20-ல இருக்குது! சௌவின் கொண்டாடுன ஊர்க்காரங்களே நவம்பரை எடுத்துக்கலை. சௌவினைப் பாக்காத ஜெர்மானிய நாட்டுக்காரங்கதான் எடுத்துக்கிட்டாங்க. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துச் சரித்திர வாத்தியார் ரொனால்டு ஹட்டன் இதையெல்லாம் 1996-லயே தோண்டி எழுதிட்டாரு. திருடன் அந்த வீட்டுத் தெருவுக்கே வரலைங்கறப்போ கேஸு எப்படி நிக்கும்? ரெண்டும் ஒரே நாள்ல வந்து விழுந்தப்புறம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

வீடு வீடாப் போயி முட்டாய் வாங்குறது பாவமான்னு கேட்டியே. அதுல பாதி, உன்ற ஜெபக்கூட்டத்துக்காரங்களுக்குச் சொல்லு, பழைய சர்ச்சோட சொத்து. நவம்பர் 2 செத்தவங்க ஆத்மாக்களுக்கான நாள். இங்கிலாந்துல ஏழைங்க வாசல் வாசலாப் போயி, உங்க வீட்டுச் செத்தவங்களுக்காக வேண்டிக்கிறோம்னு சொல்லி ரொட்டி வாங்கித் தின்னாங்க. மீதிப் பாதி அமெரிக்காக்காரன் சூழ்ச்சி. 1845-ல உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சத்துல பத்து லட்சத்துக்கு மேல ஐரிஷ்காரங்க நாட்டை விட்டுப் போனாங்கல்ல, அவங்களோட பண்டிகையும் போச்சு, அதோட வாலுத்தனமும் போச்சு. மினசோட்டாவுல அனோகான்னு ஒரு ஊரு. பயலுவ ராத்திரியோட ராத்திரியா மாட்டை அவுத்து விட்டு, காலையில கடைவீதி பூராவும் மாடு நிக்குமாம். அட கெரகமே, எவன் பட்டியோ! அந்த ஊர்ப் பெரிய மனுசங்க பயலுவளை அடிக்கலை. 1920-ல ஊர்வலம், தீனி, விளையாட்டுன்னு ஏற்பாடு பண்ணி அவங்க கையைக் கட்டிப்போட்டாங்க. முட்டாய் தர்றியா, சேட்டை பண்ணட்டுமாங்கற பேரமும் அந்தக் காலத்துலதான் கனடாப் பத்திரிகைல தென்படுது. ரெண்டாம் உலகச் சண்டை நாள்ல சர்க்கரைக்கு ரேஷன் போட்டதும் அது சுருண்டு படுத்துக்கிச்சு. 1947-ல ரேஷன் போனதும் எந்திரிச்சு ஓடுச்சு. ரெண்டாயிரம் வருசத்து ஆவிக்குச் சர்க்கரை கார்டு தேவைப்பட்டிருக்குது பாரு.

அதனால பாப்பாவை அனுப்பு. ஆனா அந்தப் பரங்கிக்காயை மட்டும் வாங்காதே, அது அமெரிக்கா போனப்புறம் கெடைச்சது. அயர்லாந்துல டர்னிப்பைத்தான் குடைவாங்க. அதைக் குடையறது கல்லைக் குடையறாப்பல இருக்கும், பரவாயில்லை, உனக்கும் கை வேலை பழகட்டும். மாயோ மாவட்டத்துல டர்லோ மாளிகை மியூசியத்துல, டானகால்காரங்க குடுத்த பழைய டர்னிப் மூஞ்சியோட வார்ப்பு இருக்குது. பல்லும் கில்லும் சுருங்கி, வாங்குன கடனைக் கேட்டு வந்தவன் மாதிரி மொறைக்கும். சாத்தானுக்குப் பயப்படுறவங்களை அங்கே ஒரு நடை கூட்டிட்டுப் போ.

பார்ம்பிராக்குன்னு திராட்சை போட்ட ரொட்டி விப்பாங்க, அதையும் வாங்கு. உள்ளே மோதிரம் வச்சிருப்பாங்க. அது யார் துண்டுல வருதோ அவங்களுக்கு ஒரு வருசத்துக்குள்ளே கல்யாணமாம். உன்ற மாமனார் அங்கதானே வந்திருக்கிறாரு? அவருக்கு மட்டும் துண்டை நீயே பிச்சுப் பாத்துட்டுக் குடு. பல்லு போனாக்கூடக் கட்டிக்கலாம். மோதிரம் வந்து தொலைச்சுதுன்னா உன்ற மாமியாருக்கு நீதான் பதில் சொல்லணும்.