சின்னச் சந்தோஷக்காரர்

எந்த வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொண்டாலும் அரசியல் பேச ஒருவர் இருப்பார். ஆரோக்கியக் குறிப்பு அனுப்ப ஒருவர். வருஷக்கணக்கில் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கும் மௌனசாமிகள் முப்பது பேர். இவர்களுக்கு நடுவே கட்டாயம் ஒரு சின்னச் சந்தோஷக்காரரும் இருப்பார். மகனுக்கு வேலை கிடைத்ததையும் மகள் வீடு வாங்கியதையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, தொட்டியில் கறிவேப்பிலை துளிர்த்ததற்கு நான்கு படம் போடுகிறவர் அவர்.

வயது பெரும்பாலும் அறுபதுக்கு மேல். வங்கியிலோ தொலைபேசித் துறையிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் காபியை நின்றுகொண்டே வாயில் ஊற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இப்போது உட்கார்ந்து குடிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் குடிப்பதில்லை, படம் எடுக்கிறார்.

காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போனால் இதைப் பார்க்கலாம். பித்தளை டபராவும் டம்ளரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும். முதல் படத்தில் கேபிள் ஒயர் குறுக்கே வந்துவிடும். இரண்டாவதில் அவருடைய கட்டைவிரல். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருக்கும், பின்னால் எதிர்வீட்டுக்காரர் உள்பனியனோடு பல் துலக்கிக்கொண்டிருப்பார். இதற்குள் நுரை அமுங்கிவிடும். டபராவில் ஊற்றி, கையை உயர்த்தி ஓர் ஆற்று ஆற்றி மறுபடி நுரை வரவழைப்பார். ஒருவழியாகப் படம் அமையும்போது காபியின் மேல் ஆடை கட்டியிருக்கும். அதற்குக் கீழே அவர் எழுதும் வாசகம்: ‘ஆவி பறக்கும் காபி. பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் பாதிக்குப் பாதி, சிக்கரி இருபது சதவீதம். வேறென்ன வேண்டும் வாழ்க்கையில்?’ வேண்டியது கொஞ்சம் சூடு. அதை அவர் கீழே போய் அடுப்பில் வைத்து வாங்கிக்கொள்வார்.

படம் போனபிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். வாட்ஸ்அப் 2014-இல் நீல டிக் கொண்டுவந்தபோது உலகத்தில் பலபேர் சங்கடப்பட்டார்கள். இவர் மட்டும் மனதார வாழ்த்தினார். போட்ட செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தும் இன்னும் படிக்காமல் கிடக்கிறது என்று பட்டியல் வரும் அல்லவா, அதை அவர் பஞ்சாங்கத்தைவிடக் கவனமாகப் படிப்பார். ‘ஆம்பூர்க்காரன் ஆறு பத்துக்கே பார்த்துட்டான், ஒரு கட்டைவிரல்கூட காட்டலியே’ என்று மனைவியிடம் கேட்பார். ஆம்பூர்க்காரரை அந்த அம்மாள் பார்த்ததுகூடக் கிடையாது.

பதில்களும் காலப்போக்கில் ஒரு முறைக்கு வந்துவிட்டன. ‘சூப்பர்’ என்று ஒருவர் எழுதுவார். அவர் இரங்கல் செய்திக்கும் அதையே எழுதி மாட்டிக்கொண்டவர். மருத்துவம் படித்த நண்பர், ‘சர்க்கரை போட்டியா?’ என்று மட்டும் கேட்பார். போட்டிக்காரர் ஒருவர் கும்பகோணத்திலிருந்து தம்முடைய டிகிரி காபியின் படத்தை அனுப்பி, நுரையின் உயரத்தில் இவரை வென்றுவிடுவார். நியூஜெர்சி நண்பர், ‘டேய், வயித்தெரிச்சலைக் கிளப்பாதே. இங்கே பனி கொட்டுது’ என்பார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை பாடும். பிறர் வயிறு கொஞ்சம் எரிந்தால்தான் தன் காபி கொஞ்சமாவது சூடாகிறது.

சில நாள் அவசரத்தில் எழுத்துப்பிழையோடு அனுப்பிவிட்டு அழித்துவிடுவார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் மிஞ்சும். அன்றைக்குத்தான் மௌனசாமிகள் முப்பது பேரும் விழித்துக்கொண்டு, ‘என்னப்பா அது?’ என்று தனித்தனியாக விசாரிப்பார்கள். அவர் வாழ்நாளில் போட்டவற்றிலேயே அதிகம் கவனிக்கப்பட்டது அந்த இல்லாத செய்திதான்.

காபி தினசரிப் படி. இதற்கு மேல் பருவத்துக்குப் பருவம் சிறப்புப் பதிப்புகள் உண்டு. தை பிறந்தால் பனங்கிழங்கு. நடுநரம்பை உருவி எடுப்பதை வீடியோவாகப் போடுவார். மாசி, பங்குனியில் மாவடு. ஜாடிக்குள் கேமரா இறங்கும். சித்திரையில் நுங்கு. சீவுகிறவர் அரிவாளோடு நிற்க, ‘ஒரு நிமிஷம் அப்படியே இருங்க’ என்று அவரைச் சிலையாக்கிவிடுவார்; பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் வெயிலில் வதங்குவார்கள். வைகாசியில் இமாம்பசந்த். ஆனி, ஆடியில் யாராவது குற்றாலச் சாரலில் நனைந்த படத்தைப் போட்டால், குழாயடியில் குளித்த சுகத்தைப் பற்றி எழுதிச் சமன் செய்வார். ஐப்பசியில் மழை தொடங்கினால் படம் போதாது. மூன்று நிமிஷக் குரல்பதிவு வரும். அதில் மழை, தகரக் கூரை, தவளை, இரண்டாவது நிமிஷத்தில் குக்கர் விசில், அதைத் தொடர்ந்து ‘ஏங்க, துணி நனையுது!’ என்ற குரல், எல்லாம் தெளிவாகக் கேட்கும். துணி நனைந்துதான் இருக்கும்.

ஆனாலும் அவருடைய ஆண்டுத் திருவிழா நிஷாகந்தி மலர்கிற இரவுதான். பிரம்ம கமலம் என்று வீடுகளில் சொல்வார்களே, அந்த வெள்ளைப் பூ. மொட்டு தலைதூக்கிய அன்றே அறிவிப்பு வந்துவிடும்: ‘இன்று இரவு எதிர்பார்க்கலாம்.’ எட்டு மணிக்கு ஒரு படம், மூடிய மொட்டு. எட்டரைக்கு ஒன்று, அதே மொட்டு. ஒன்பதரைக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும். பத்தரைக்குத் தாவர இயல் படித்த நண்பர் கொட்டாவியோடு நுழைந்து, ‘இது பிரம்ம கமலமே இல்லை. அது இமயமலையில் விளைவது, உத்தராகண்டின் மாநில மலர். உன் தொட்டியில் இருப்பது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளி வகை’ என்று ஒரு குண்டைப் போடுவார். குழுவில் பெருத்த அமைதி. மனைவி சூடம் ஏற்றித் தீபாராதனை காட்டிய தட்டு அப்போதும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சின்னச் சந்தோஷக்காரர் கலங்குவதில்லை. நள்ளிரவில், முழுதாக மலர்ந்த பூவின் படத்தைப் போட்டு, ‘மெக்சிகோவிலிருந்து நம் வீடு தேடி வந்த விருந்தாளி’ என்று எழுதிவிட்டுப் படுக்கப் போவார். விடியும்போது பூ துவண்டுவிடும். அதற்கும் ஒரு படம் உண்டு.

இவரைக் கிண்டல் செய்வது சுலபம். செய்கிறோம். ஆனால் குழுவின் மற்றப் போக்குவரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2018 தொடக்கத்தில் அமெரிக்க நாளேடு ஒன்றில் ஒரு செய்தி வந்தது. இந்தியர்களின் போன்களில் இடம் தீர்ந்துபோவது ஏன் என்று கூகுள்காரர்கள் தேடிப் பார்த்தபோது, ரோஜாவும் சூரியோதயமும் போட்ட காலை வணக்கப் படங்கள் உள்ளே மலைமலையாகக் கிடந்தனவாம். அதே ஆண்டு, வதந்திக்குப் பயந்து, ஒரு செய்தியை ஒரே மூச்சில் 5 இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் குழுவில் வருகிறவற்றில் பத்துக்கு ஒன்பது, யாரோ எழுதி, யாரோ அனுப்பி, யாரும் படிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டவை. அந்தக் குப்பைக்கு நடுவே, இன்று காலை, தன் வீட்டில், தனக்கு நடந்ததைச் சொல்கிறவர் இவர் ஒருவர்தான். ஆடை கட்டினாலும் அது அவருடைய காபி.

இந்தக் குணத்துக்கு நம் ஊரில் நல்ல பரம்பரையும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டில் வட்டத்தொட்டி என்று பெயர்பெற்ற முற்றத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எல்லாரும் ரசித்துத் தலையாட்டும்வரை விடமாட்டார். குற்றாலத்துக்குப் போனபிறகும் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தனியாக ரசிப்பது அரை ரசனை என்று நினைக்கிற ஜாதி அது. ஒரு வித்தியாசம் உண்டு. வட்டத்தொட்டியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ‘எட்டு மணி நேரம்’, ‘ஒரு வாரம்’, ‘எப்போதும்’ என்று மூன்று வகையில் வாயடைக்கிற பொத்தான் இல்லை. இவருடைய நண்பர்களில் பாதிப் பேர் மூன்றாவதை அழுத்தி வைத்திருக்கிறார்கள். இவருக்கு அது தெரியாது, யாரும் சொல்லப்போவதுமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதைச் சொல்ல உரிமை உள்ளவர் அவர் மனைவி. காபியின் டிகாக்‌ஷனும், மாவடுவும், தொட்டிச் செடியும் யார் கைவேலை என்பது படங்களில் தெரிவதில்லை. மதியம், ‘ஏங்க, குழம்பு எப்படி இருக்கு?’ என்று அந்த அம்மாள் கேட்டால், போனிலிருந்து தலை நிமிராமல் ‘ம்’ என்பார். நிமிராததற்குக் காரணம், அப்போதுதான் அவர் குழுவில் எழுதிக்கொண்டிருப்பார்: ‘மணத்தக்காளி வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். அமிர்தம் தோற்றது!’ அன்று இரவு நியூஜெர்சி நண்பரின் மனைவி போன் செய்து, ‘அக்கா, உங்க வத்தக்குழம்பப் பத்தி அண்ணன் அப்படி எழுதியிருக்காராமே, நல்லெண்ணெய் எவ்வளவு ஊத்துவீங்க?’ என்று கேட்டபோதுதான் குழம்பு நன்றாக இருந்த தகவல் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசைக்கும் அடுப்புக்கும் ஆறடி தூரம். பாராட்டு அமெரிக்கா போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவருக்கு வெறும் ரவை உப்புமா கிடைத்தது. தொட்டுக்கொள்ளச் சர்க்கரைகூட இல்லை. ‘எளிமையின் இன்பம்’ என்று அதையும் படத்தோடு போட்டார். இந்த மனிதரைத் தண்டிக்க வழியே கிடையாது.

அந்த அம்மாள் வேறு வழி கண்டுபிடித்தார். தோகாவில் இருக்கும் அட்மினிடம் சொல்லி, தம்மையும் குழுவில் சேர்க்கச் சொன்னார். ‘அண்ணி, நல்வரவு’ என்று கைகூப்பிய படங்கள் குவிந்தன. மறுநாள் காலை வழக்கம்போல் டபரா, நுரை, கைப்பிடிச் சுவர், ‘வேறென்ன வேண்டும் வாழ்க்கையில்?’. குழுவே அண்ணியின் முதல் பதிவுக்குக் காத்திருந்தது. ஆறு இருபதுக்கு அது வந்தது: ‘பால் பாக்கெட் வாங்கின மீதிச் சில்லறை வேண்டும். நேத்தைக்கும் சேர்த்து.’

மௌனசாமிகள் முப்பது பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆம்பூர்க்காரர் கட்டைவிரல் காட்டினார். காபிக்கு ஒருநாளும் கிடைக்காத வரவேற்பு. சின்னச் சந்தோஷக்காரர் கோபித்துக்கொண்டாரா என்றால், இல்லை. அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘இல்லறத்தின் இனிமை’ என்று தலைப்பிட்டு, தம்முடைய இன்னொரு குழுவில் போட்டிருப்பதாகத் தகவல்.