மாக்கட்டியும் பொலிஸ் பேச்சாளரும்

1866 செப்டெம்பர் 3ஆம் திகதி வில்லியம் ரொபர்ட் கெம்பல் என்ற துரை இலங்கைப் பொலிசுக்குத் தலைவரானார். அந்த நாளைத்தான் திணைக்களம் இன்றும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. கள்ளனைப் பிடிக்கும் வித்தையைத் துரைமார் சொல்லிக்கொடுத்தார்கள். பிடித்ததை ஊருக்குச் சொல்லும் வித்தையைத் திணைக்களம் தானாகவே படிக்க வேண்டியிருந்தது. படிப்பு இன்னும் முடியவில்லை.

எங்கள் கரைக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை செய்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் குந்தும்போதே, இரவு யாருடைய மாடு களவு போனது, கள்ளன் யாருக்கு மச்சினன் முறை என்பது வரை வந்து சேர்ந்திருக்கும். பொலிசுக்கு அது பத்து மணிக்கு முறைப்பாடாகத்தான் தெரியவரும். மாட்டுக்காரர் தமிழில் சொல்வார், சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதுவார். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி விரலால் ஓர் இடத்தைக் காட்டுவார், இவர் கையெழுத்து வைப்பார். தன்னை மாட்டைப் பறிகொடுத்தவர் என்று எழுதியிருக்கிறதா, மாட்டைத் திருடியவர் என்று எழுதியிருக்கிறதா என்பது வழக்கு நாளில் லோயர் வாசிக்கும்போது தெரிந்துவிடும். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். அம்பாறைப் பக்கம் அந்தச் செய்தி இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது.

சிங்களம் தெரியாததற்கு ஒரு மனிதர் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவரின் கறியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நம் வீட்டில் இப்படித் தட்டுப்பட்டால் முகத்தைச் சுளிப்போம், "கரையாத மாதாண்டா, திண்டிட்டு எழும்பு" என்பா உம்மா. விசயம் அத்தோடு முடிந்தது. அம்பாறையில் அன்று அந்தக் கட்டி, சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் போடும் மாத்திரையாகிவிட்டது. கூட்டம் கூடியது. கல்லாவில் நின்றவரை வளைத்துக்கொண்டு, போனில் வீடியோவை ஓடவிட்டு, "போட்டாய்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். கேள்வியே சரியாகப் பிடிபடாத மனிதர், நடுக்கத்தில் அரைகுறைச் சிங்களத்தில் ஆமாம் போட்டுவைத்தார்.

இந்த நாட்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்கியிருப்பார்களோ என்ற சந்தேகம் வெள்ளைக்காரனுக்கே இருந்திருக்கிறது. ஆனால் பேஸ்புக்குக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லும். அன்றிரவே செல்லுபடியானது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது, வாகனங்கள் எரிந்தன.

அந்தக் காலத்தில் பேஸ்புக்கில் ஒரு 'பொலிஸ் செய்தி'யும் சுற்றித் திரிந்தது. அம்பாறையில் முஸ்லிம் மருந்துக் கடைக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிசார் கைப்பற்றினார்களாம். அப்படி ஒரு கைப்பற்றலே நடக்கவில்லை. கதை கட்டியவனின் கெட்டித்தனத்தைப் பாருங்கள். "கனக்கப் புடிச்சாங்களாம்" என்று எழுதினால் எவன் நம்புவான்? ஆயிரக் கணக்கில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் பொலிஸ். பொலிசின் வாயைப் பொலிசை விட அவன்தான் நன்றாகப் பாவித்தான். உண்மைப் பொலிசின் வாயோ வேறு மாதிரி. நடக்காத ஒன்றை "நடக்கவில்லை" என்று அதே வேகத்தில் சொல்வதற்குத் திணைக்களத்தில் படிவம் கிடையாது போலும்.

பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் கறியைச் சோதித்தது. மாத்திரை இல்லை, மாச்சத்து என்றது அறிக்கை. மாக்கட்டி மாக்கட்டிதான் என்று அரசாங்க முத்திரையோடு சான்றிதழ்! ஒரு மனிதனை ஒரேயடியாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். தேத்தண்ணிக் கடையில் இதை முதல் நாளே எந்த உம்மாவும் சொல்லியிருப்பா, முத்திரைதான் இருந்திருக்காது. அந்தச் சான்றிதழ் வந்து சேர்வதற்குள் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கம் திகன எரிந்துவிட்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம். அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் பூட்டு. வதந்தியைப் பிடிக்க முடியாதவர்கள் போனைப் பிடித்தார்கள். ஒரு கிழமையில் கல்முனைப் பொடியன்கள் அத்தனை பேரும் வீபிஎன் நிபுணர்களானதுதான் மிச்சம். தன் தளத்தில் நடந்ததற்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இனி, பொலிஸ் உண்மையிலேயே தகவலைப் பகிர்ந்த கதை. 2019 ஏப்ரல் 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் பிரியலால் திசாநாயக்க ஒரு கடிதம் அனுப்பினார். தற்கொலைத் தாக்குதல் நடக்கலாம், திட்டமிடுபவர்கள் இன்னார் என்று பெயரோடு விபரம். போன இடங்கள்: அமைச்சர்மாரைக் காக்கும் பிரிவு, நீதிபதிகளைக் காக்கும் பிரிவு, தூதுவர்மாரைக் காக்கும் பிரிவு, இப்படி. தேவாலயத்துக்குப் போகிறவனைக் காக்கும் பிரிவு என்று ஒன்று இல்லாததால் அவனுக்குப் பிரதி போகவில்லை. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுகள் வெடித்து எல்லாம் முடிந்த பிறகு அமைச்சர் ஹரீன் பெர்னாண்டோ டுவிட்டரில் போட்டுத்தான் நாடு அந்தக் கடிதத்தைப் படித்தது. இரகசியம் காப்பதில் நம் பொலிசை யாரும் குறை சொல்ல முடியாது.

நான்கு நாள் கழித்துப் பொதுமக்களோடு பகிரும் ஆசை வந்தது. தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு மேல் இருந்த முகம், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. முஸ்லிம்கள் மீதான வெறுப்புக்கு எதிராக எழுதுகிற பிள்ளை. எல்லாப் பெண்களையும் விட்டுவிட்டு அவளைத்தான் பிடித்தார்கள்! திணைக்களம் மன்னிப்புக் கேட்டது. அதே நாளில் சுகாதார அமைச்சு, 359 என்றிருந்த இறந்தவர் தொகையைச் சுமார் 253 ஆக்கியது. நூறு பேர் உயிர் பிழைத்ததாகச் சந்தோசப்படுவதா, எண்ணத் தெரியாதவர்களை நினைத்து அழுவதா என்று விளங்காமல் ஊர் விழித்தது.

மறுநாள், 26ஆம் திகதி, சாய்ந்தமருது. தாக்குதல்காரர்களின் ஆட்கள் பதுங்கியிருந்த வீட்டில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் செத்த அந்த இரவைப் பற்றிச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன்: வாடகை வீட்டுக்கு வந்திருந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது அந்த ஊர்ச் சனங்கள்தான். தகவல் மேலே போவதற்கு இந்தக் கரையில் ஒரு நாளும் தடை இருந்ததில்லை. கீழே வருவதற்குத்தான் பாதை செப்பனிடப்படுகிறது.

2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்ற போதைப்பொருள் வேட்டை தொடங்கியது. அப்போது பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன். கமராவோடு வீடு புகுவார்கள். இன்று இத்தனை பேர் கைது, இத்தனை கிராம் ஐஸ் என்று தினமும் கணக்கு வரும். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதைப் போல் நம் ஆட்களும் கேட்டார்கள். 2025 பெப்ரவரிக் கடைசியில் வெலிகமவில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்கில் மாத்தறை நீதிமன்றம் தென்னகோனுக்கே பிடியாணை போட்டது. ஆளைக் காணோம். அவர் கட்டியாண்ட அதே பொலிஸ் கிட்டத்தட்ட மூன்று கிழமை தேடியது. ஹோகந்தரை வீட்டைச் சோதித்தபோது ஆள் கிடைக்கவில்லை, 1,009 மதுப் போத்தல்கள் கிடைத்தன. இந்த முறை ஒன்றுகூடப் பிசகாமல் எண்ணிச் சொன்னார்கள். மார்ச் 19ஆம் திகதி அவரே நீதிமன்றத்துக்கு நடந்து வந்தார்.

அவரைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் கல்முனைக் கடையொன்றில் ஒரு பொடியன் கேட்டான்: "காக்கா, 119க்கு அடிச்சு, ஐஜிபிய எங்கயாச்சும் கண்டயளா எண்டு கேப்பமா?"

"அடி," என்றார் காக்கா, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "சிங்களத்தில கேக்கத் தெரியுமா?"