பந்து உருட்டிய எமன்

1987-இல் எய்ட்ஸைப் பற்றிக் குடிமக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆஸ்திரேலியா எமனை வேலைக்கு அமர்த்தியது. கறுப்பு அங்கி, மண்டையோட்டு முகம், கையில் பௌலிங் பந்து. தொலைக்காட்சியில் அவர் உருட்டிவிட, தாயும் பிள்ளையுமாக வரிசையில் நின்றவர்கள் சரிந்தார்கள். நாடு நடுங்கியது. நடுங்கிய பிறகு என்ன செய்வது என்பது மட்டும் பலருக்கு விளங்கவில்லை.

அந்த எமன் ஐரோப்பிய இறக்குமதி. பௌலிங் அரங்கையே பார்த்திராத பூர்வகுடிக் கிராமத்துக்கும் அவரே போதும் என்று ஏதோ ஒரு குளிர்சாதன அறையில் தேநீரோடு தீர்மானித்திருப்பார்கள்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், கிரேஸ்லின் ஸ்மால்வுட் உள்ளிட்ட பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்கள் வேறு ஆளைப் பிடித்தார்கள். தங்கள் மக்கள் ஃபேண்டம் என்ற முகமூடி வீரனின் காமிக்ஸை விரும்பிப் படிப்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஆய்வுக்குழு தேவைப்படவில்லை. முகமூடி, இறுக்கமான உடை, கறுத்த மேனி, கையில் ஆணுறைப் பொட்டலம். காண்டோமேன் பிறந்தான். கூச்சத்தை விடு, உறையைப் போடு என்றான். யாரையும் சாகடிக்கவில்லை.

எமன் சில வாரங்களில் திரையிலிருந்து இறங்கிவிட்டார். காண்டோமேன் 2009-இல் லூபிலிஷியஸ் என்ற கூட்டாளியோடு மறுபடியும் பணியில் சேர்ந்தான்.