ப்ரோக்ரெசிவ் மெட்டல் கிட்டார் டோனில் கழித்தல் கோட்பாடு: ஓர் ஆய்வு

எட்டுத் தந்திக் கிட்டாரின் அடித்தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு மீட்டினால் எழ வேண்டிய ஓசை எது? இந்த வினாவுக்கு விடை தேடி உலகெங்கும் இளைஞர்களும், இளமை கடந்தும் அதை ஒப்புக்கொள்ளாத சிலரும், இரவு இரவாகக் குமிழ் திருகி வருகின்றனர். திருகுபவர் பலர், திருகலை முறையாக ஆராய்பவர் அரிது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். போக்கிவிடும் என்று ஆய்வாளர் நம்புகிறார். அவர் வீட்டில் மற்றவர்கள் நம்பவில்லை.

முதலில் ஆய்வெல்லை. நூறு வாட் வால்வு ஆம்ப், நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அடங்கிய கேபினெட் என்று நிஜச் சாமான்களை அடுக்கி டோன் அமைக்கும் மரபு இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அந்த ஆம்ப் சத்தமாக வைத்தால்தான் உண்மை பேசும். உண்மை பேசினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். ஆகவே ஆம்ப், பெடல், கேபினெட், அதன் முன் நிற்கும் மைக் என அத்தனையையும் கணக்காக்கிச் சிப்புக்குள் அடைத்த டிஜிட்டல் மாடலிங் கருவிகளே நமது ஆய்வுப்பொருள்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1998-ல் கலிஃபோர்னியாவின் லைன் 6 நிறுவனம் ‘பாட்’ என்ற சிவப்புக் கருவியைச் சிறுநீரக வடிவில் வெளியிட்டது. வால்வு பக்தர்கள் சிரித்தார்கள். சுவீடனின் உமேயோ நகரத்து மெஷுகா குழு 2000-களில் லைன் 6 கருவிகளைக் கையிலெடுத்ததும் சிரிப்புச் சற்றுத் தணிந்தது. 2006-ல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. பெரிஃபெரி போன்ற அமெரிக்கக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு ஜெர்மனியிலிருந்து கெம்பர். இது நிஜ ஆம்ப்புக்குள் விசித்திரமான இரைச்சல்களை அனுப்பி, அது எப்படிப் பதில் சொல்கிறது என்று கேட்டுப் படியெடுத்துக்கொள்ளும். 2015-ல் லைன் 6-ன் ஹீலிக்ஸ், அப்புறம் ஹெல்சின்கியின் நியூரல் டிஎஸ்பி தந்த க்வாட் கார்டெக்ஸ். இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் காசே கேட்காமல் கணினியில் ஓடுகிறது.

இக்கருவிகளுக்குள் வாழும் ஆம்ப்புகள் வணிகச் சின்னச் சட்டத்துக்கு அஞ்சி அஞ்ஞாதவாசம் புரிகின்றன என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும். 1992-ல் எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் செய்த 5150 ஆம்ப், ஹீலிக்ஸில் ‘பிவி பனாமா’. ஆக்ஸ்-எஃப்எக்ஸில் ‘பிவிஹெச் 6160’. நிஜ ஆம்ப்பே வான் ஹேலன் விலகிப்போன பின் 6505 என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. விராட நகரத்தில் யார் என்ன வேடத்தில் இருக்கிறார் என்று தெரியாதவர் இத்துறையில் முதல் வாரத்தைத் தாண்ட மாட்டார்.

இனி கருதுகோள். விளம்பரங்கள் எண்ணிக்கையைக் காட்டியே விற்கின்றன: இத்தனை ஆம்ப், இத்தனை பெடல், இத்தனை கேபினெட். வாங்கியவர் கடைசியில் பயன்படுத்துவதோ ஓர் ஆம்ப், ஒரு பச்சைப் பெடல், ஒரு கேபினெட். மிச்சமெல்லாம் கேட்டுப் பார்த்து ஒதுக்குவதற்காக இருப்பவை. இந்த ஒதுக்கல் தற்செயலன்று என்பதே நமது வாதம். மிருதங்க வித்வான் தொப்பிப் பக்கம் ரவைப் பசையை அப்பித்தான் கனத்த நாதத்தை வரவழைக்கிறார். மெட்டல் கிட்டார்க்காரர் வழியோ நேர் எதிர். அவருக்குக் கனம் என்பது கூட்டி வருவதன்று, கழித்து வருவது.

முதற்சான்று அந்தப் பச்சைப் பெடல். 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து ஐபனீஸ் பெயரில் வந்த ட்யூப் ஸ்க்ரீமர், டெக்ஸஸ் ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வானின் காலடியில் கிடந்து புகழ்பெற்றது. அதில் மூன்றே குமிழ்கள்: டிரைவ், டோன், லெவல். ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்குவதற்கென்றே பிறந்த பெடல் அது. மெட்டல் சம்பிரதாயத்தில் டிரைவ் பூஜ்யம், டோன் நடுவில், லெவல் முழுசு. அப்படி வைத்து, ஏற்கெனவே கரகரப்பில் மூழ்கிக் கிடக்கும் ஆம்ப்புக்கு முன்னால் அதை நிறுத்துகிறார்கள். கரகரப்புப் பெடலைக் கரகரப்பில்லாமல் எதற்காக மாட்ட வேண்டும்?

விடை இதுதான். இப்பெடல் டிரைவ் இல்லாதபோதும் இரண்டு காரியம் செய்கிறது: பேஸைச் சீவுகிறது, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை மேடாக்குகிறது. ஆம்ப்புக்குள் நடப்பது அலையின் தலையைத் தட்டி மட்டமாக்கும் வேலை. தாழ்ந்த அதிர்வுகளுக்குத்தான் பலம் அதிகம் என்பதால் அவையே முதலில் கூரையில் முட்டும். முட்டும்போது மேலே இருக்கும் நுண்ணொலிகளையும் இழுத்து நசுக்கிவிடும். விளைவு, ரிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் மீட்டல் வரி கொழகொழத்துப் போகும். முன்கூட்டியே பேஸைக் கழித்துவிட்டால் ஒவ்வொரு மீட்டலும் தனித்தனியாக, இறுக்கமாக விழும். வேண்டிய பேஸை ஆம்ப்புக்குப் பின்னால் அளவாகத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். ஒலியைக் கனமாக்கும் முதல் வேலை, அதன் கனத்தை வாசலிலேயே கழற்றி வைப்பது.

ஒரு கிளைக்குறிப்பு. மாடலிங் கருவிக்குள் பெடலே கிடையாது, இருப்பது கணக்கு. அதே கழித்தலை ஒரு சாதாரண ஈக்யூவை ஆம்ப்புக்கு முன்னால் இழுத்து வைத்தும் ஏறக்குறைய செய்யலாம். ஆனாலும் திரையில் பச்சைப் படம் தெரியாவிட்டால் டோனில் என்னவோ குறைவதாகக் காதில் படுகிறது. பெயரைச் ‘ஸ்க்ரீம் 808’ என்று மாற்றலாம். நிறத்தை மாற்றக் கூடாது.

இரண்டாம் சான்று கெயின், அதாவது ஆம்ப்பின் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. புதியவர் பத்தில் வைப்பார், தேறியவர் ஐந்தில் வைப்பார். ஒலிப்பதிவில் ஒரே ரிஃபை இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும், சிலர் பக்கத்துக்கு இரண்டு முறையும் வாசித்து அடுக்குவார்கள். அடுக்க அடுக்கக் கரகரப்பு தானே கூடிவிடும். தனியாகக் கேட்டால் சற்றுச் சோகையாகத் தெரியும் கெயின்தான் அடுக்கில் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் பிக் தந்தியில் மோதும் அந்த ‘டக்’ மறைந்து, ரிஃப் முழுதும் ஒரே இரைச்சலாகிவிடும்.

நாய்ஸ் கேட் பற்றி இரண்டு வரி போதும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சுத்தமாக அறுத்தெடுப்பது அதன் பணி. விவரம் தெரிந்தவர்கள் கதவை ஆம்ப்புக்குப் பின்னால் வைப்பார்கள். காவலாளியை மட்டும் ஆம்ப்புக்கு முன்னாலேயே நிறுத்தி, கிட்டாரின் கலப்பில்லாத சிக்னலைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடச் சொல்வார்கள்.

லேட்டன்சி குறித்த புலம்பலும் இத்துறையில் ஏராளம். மூன்று மில்லி செகண்டு தாமதம் என்றால் ஒலி ஏறக்குறைய ஒரு மீட்டர் நடக்கும் நேரம். மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தவர்கள் இதைப் பற்றிப் புகார் எழுதியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் சான்றுதான் ஆய்வின் உயிர்நாடி. எட்டுத் தந்திக் கிட்டாரின் அடித்தந்தி வழக்கமான சுருதியில் 46.25 ஹெர்ட்ஸ். மெட்டல் கேபினெட்டுகளின் ஆஸ்தான வித்வானாகிவிட்ட ஸ்பீக்கர், செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30. அதன் வீச்சு 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கிறார். எவ்வளவோ செலவழித்து, கழுத்துப் பட்டை அகன்ற கிட்டாரை வாங்கி, விரலை நீட்டப் பழகி அடைந்த அந்தத் தந்தியின் அடிப்படை அதிர்வு ஸ்பீக்கரின் கீழ்ப்படிக்கும் கீழே நிற்கிறது. அது போதாதென்று மிக்ஸ் செய்பவர் 80-லோ 100-லோ ஒரு ஹை-பாஸ் வடிகட்டியைப் போட்டு மிச்சத்தையும் வழித்தெடுத்துவிடுகிறார்.

அப்படியானால் அந்தத் தாழ்ந்த சுரம் கேட்பது எப்படி? 92, 139, 185 என்று மேலே அடுக்கியிருக்கும் மடங்கொலிகளைக் காது வாங்கிக்கொள்கிறது. இவற்றுக்கு அடியில் 46 இருந்திருக்க வேண்டுமே என்று மூளை தானாக ஊகித்து அந்தச் சுருதியைக் கேட்டுவிடுகிறது. ஒலி உளவியலில் இது நெடுநாள் அறிந்த உண்மை. இல்லாத சுரத்தைக் கேட்பவரே போட்டு நிரப்பிக்கொள்ளும் அளவுக்குக் கழித்தல் முற்றிப்போன இசை வேறெது என்று ஆய்வாளர் தேடி வருகிறார்.

மேற்பக்கமும் இதே கதைதான். கேபினெட்டை எடுத்துவிட்டு ஆம்ப் மாடலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டவருக்குத் தெரியும், அது குளவிக் கூட்டம். 5000-க்கு மேலே இருக்கும் அந்த ரீங்காரத்தை ஸ்பீக்கர் விழுங்கிவிடுவதால்தான் கிட்டார் கிட்டாராகக் கேட்கிறது. இந்த விழுங்கலை டிஜிட்டலில் செய்வது ஐ.ஆர். எனப்படும் சிறு கோப்பு. ஸ்பீக்கருக்குள் ஒரு சோதனை ஒலியை அனுப்பி, அதன் பதிலை ஒரு நொடியின் சிறு துண்டாகப் பிடித்து வைத்திருப்பார்கள். ஹீலிக்ஸில் 2048 மாதிரி நீளம். நொடியில் ஏறத்தாழ 23-ல் ஒரு பங்கு. கேபினெட், மைக், அறை எல்லாம் அந்தத் துண்டுக்குள் அடங்கிவிடும்.

திருகலின் பெரும்பகுதி நேரம் கரைவது இங்கேதான். 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நடுக்குமிழிலிருந்து ஒரு விரற்கடை விலக்கினால், ஆம்ப்பையே மாற்றியதைவிட ஒலி அதிகம் மாறும். ஐ.ஆர். விற்பவர்கள் அந்த விரற்கடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு தருகிறார்கள். கோப்பின் பெயரில் ஸ்பீக்கர், மைக், தூரம், கோணம் எல்லாம் ஜாதகக் கட்டம் மாதிரி எழுதியிருக்கும். அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டு வருபவர் முதலாவதை நிராகரிப்பார், நாலாவதில் புருவம் உயர்த்துவார், பத்தாவதில் ‘இதுதான்’ என்பார். பத்தாவது கோப்பு மற்றவற்றைவிட ஒரு டெசிபல் சத்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். எந்த ஒலியையும் கொஞ்சம் உரக்க வைத்தால் காது அதையே நல்லது என்று தீர்ப்பளிக்கும். சத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. நள்ளிரவில் அதைக் கடைப்பிடிப்பவரை ஆய்வாளர் கண்டதில்லை.

நள்ளிரவு என்பது இத்துறையில் தனி இயலாகவே எழுதப்பட வேண்டியது. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் அளந்து காட்டியது போல, சத்தம் குறையும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமாகிவிடுகிறது. மேல்முனை ஒலிகளையும் நடுப்பகுதி அளவுக்கு அது மதிப்பதில்லை. பிள்ளைகள் தூங்கும் வீட்டில் மெல்லிய ஒலியில் டோன் அமைப்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார், பளபளப்பு இல்லை என்று ட்ரெபிளை ஏற்றுவார், மூக்கடைத்த மாதிரி இருக்கிறது என்று நடுப்பகுதியை இறக்குவார். காதுக்கு அமிர்தம். அதே ப்ரீசெட்டை மறுநாள் பயிற்சிக் கூடத்தில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் உரக்க வைத்தால் பேஸ் பூதாகாரமாக எழும், ட்ரெபிள் பல்லைக் கூசவைக்கும், நடுவில் இருக்க வேண்டிய கிட்டாரைக் காணோம். இரவில் கழித்தது முழுக்கக் கிட்டார். விட்டு வைத்தது முழுக்கக் கழிக்க வேண்டியது. பகலில் கழிக்க வேண்டியதை இரவில் கூட்டுவதும், இரவில் கூட்டியதைப் பகலில் கழிப்பதுமாகப் பலருடைய இசை வாழ்க்கை நடந்துவருகிறது.

கள ஆய்வில் வெளிச்சாட்சி ஒன்றுதான் கிடைத்தது. ஹெட்ஃபோன் மாட்டியவர் காதில் பிரளயம் நடந்துகொண்டிருக்கும்போது, அறையில் இருப்பவருக்குக் கேட்பதெல்லாம் மின்சாரம் ஏறாத தந்தியின் ‘டிக் டிக்’ மட்டுமே. அந்த நிலையில் கதவருகே வந்து நின்ற பாட்டி வெகுநேரம் உற்றுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏண்டா கண்ணா, சாயங்காலத்துலேர்ந்து சுருதி சேர்த்துண்டே இருக்கியே, கச்சேரி எப்போடா?”

“இதோ ஆச்சு பாட்டி.”

“நேத்திக்கும் இதைத்தாண்டா சொன்னே.”

இச்சாட்சியத்தை மறுக்கும் தரவு எதுவும் ஆய்வாளர் கையில் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு நேர் செய்யப்பட வேண்டியிருக்கிறது. முன்னால் பேஸைக் கழித்தோம், கெயினைக் கழித்தோம், அடிப்படை அதிர்வையே கழித்தோம், மேலே ரீங்காரத்தைக் கழித்தோம். மிஞ்சியதைத் தனியாக ஒலிக்கவிட்டால் ஒல்லியாக, சற்றுச் சிடுசிடுப்பாக இருக்கும். பிரபலமான ஆல்பங்களின் கிட்டார் தடத்தை மட்டும் பிரித்துக் கேட்டவர்கள் இதைக் கண்டு திகைப்பதுண்டு. அப்படியானால் ஆல்பத்தில் நெஞ்சில் வந்து இடிக்கும் அந்தக் கனம் யாருடையது?

பேஸ் கிட்டாருடையது. கிட்டார் காலி செய்துவிட்டுப் போன கீழ்த்தளம் முழுவதிலும் குடியிருப்பது அதுதான். அதற்கும் கொஞ்சம் கரகரப்பைப் பூசிவிடுவதால் கேட்பவருக்கு இரண்டும் ஒரே கருவியாகப் படுகிறது. பாராட்டு கிட்டார்க்காரருக்குப் போகிறது. பேஸ் கிட்டாரை மிக்ஸில் ஏறக்குறைய கேட்காமலே செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1988-ல் வந்த மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பமே சோதனைச்சாலை. ஜேசன் நியூஸ்டெட் அதில் என்ன வாசித்தார் என்று ரசிகர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மறுதலையாக, இன்றைய மெட்டல் டோனுக்குப் பலரும் நாடும் கிட்டார் ப்ளக்-இன் ஒன்றை நியூரல் டிஎஸ்பி நிறுவனம் ஆடம் ‘நாலி’ கெட்குட் பெயரில் வெளியிட்டிருக்கிறது. நாலி ஒலிப்பதிவில் கைதேர்ந்தவர். பெரிஃபெரி குழுவில் அவர் வாசித்தது பேஸ் கிட்டார்.

இம்முடிவு பேஸ் கிட்டார்க்காரர்களுக்குச் சாதகமானதுதான். ஆயினும் தங்கள் பங்கு இன்னும் கூடுதல் என்று அவர்கள் மறுப்புரை எழுதக்கூடும் என நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். எழுதட்டும். எப்படியும் மிக்ஸில் கேட்காது.