வேங்கை மரம் எந்தப் பக்கம்? கம்பம் பள்ளத்தாக்கு நாடக மேடைகளில் புத்தகத் தகராறுகள்: ஓர் ஆய்வு

திருவிழா நாடகத்தில் நள்ளிரவுக்கு மேல் எழும் தகராறுகள் மூவகைப்படும். நாற்காலித் தகராறு, பாட்டில் தகராறு, புத்தகத் தகராறு. முதல் இரண்டையும் காவல் துறை கவனித்துக்கொள்கிறது. மூன்றாவதை எந்தப் பல்கலைக்கழகமும் கவனித்ததாகத் தெரியாததால் இக்கட்டுரை எழ நேர்ந்தது.

ஆய்வு எல்லை தேனியில் தொடங்கி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் வரை. போடி விலக்கப்பட்டது, கடைசி பஸ் கிடைக்காததே அதற்குரிய முறையியல் காரணம். தரவு திரட்டும் முறை, முன்வரிசையில் பாய் விரித்து உட்காருதல். கோட்பாட்டுப் பின்புலமாகக் கம்பளிப் போர்வை ஒன்று பயன்பட்டது. மலையடிவாரப் பனியில் வேறு கோட்பாடு எதுவும் தாங்காது.

ஸ்பெஷல் நாடகம் ஒத்திகை இல்லாத நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியம் மூன்றாவது ஊர். தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் வாங்கி, அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அரிதாரம் பூசிய பிறகு வந்தால் அந்த முகமும் இல்லை. கதையும் பாட்டும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுவைத்த பாதை. பாதையின் நடுவே வரும் தர்க்கம் மட்டும் அவரவர் சாமர்த்தியம். 'வள்ளி திருமண'த்தில் நாரதரும் வள்ளியும் மோதிக்கொள்ளும் அந்தத் தர்க்கத்துக்காகத்தான் ஊர் முழித்திருக்கிறது. இல்லறமா துறவறமா, ஆண் உசத்தியா பெண் உசத்தியா என்று ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்பது பேசுகிறவர்களுக்கே தெரியாது.

இங்கேதான் புத்தகம் நுழைகிறது.

சொல் தீர்ந்துபோன நாரதர் கந்தபுராணத்தை இழுப்பார். வள்ளி பதிலுக்குத் திருக்குறளை இழுப்பார். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அது விளையாட்டின் பகுதி. பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து, "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று கேட்கும் கணத்தில் தகராறு பிறக்கிறது. கேட்கிறவர் எழுந்து நிற்கும் சிரமத்தை விரும்பாவிட்டால், கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார். சீட்டோடு பத்து ரூபாய் இருந்தால் அதை விமர்சனம் என்றும், இல்லாவிட்டால் இடைஞ்சல் என்றும் நாடகக்காரர்கள் வகைப்படுத்துகிறார்கள் (தகவலாளி: பெயர் சொல்ல விரும்பாத டோலக்).

ஆட்சேபிப்போரைச் சற்று வகைப்படுத்தலாம்.

புராணக்காரர். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள் பாடினார். வள்ளி கல்யாணம் அதன் கடைசிப் படலம். அங்கே நாரதருக்கு வேலை கொஞ்சம்தான். தினைப்புனத்தில் வள்ளியைப் பார்த்தார், தணிகைக்குப் போய் முருகனிடம் சொன்னார், முடிந்தது. மேடையில் இரண்டு மணி நேரம் வாதாடும் நாரதர் அதில் இல்லை. புராணக்காரரின் ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் நாடகம் பதினொரு மணிக்கு முடிந்து, டீக்கடைக்காரர் நஷ்டப்படுவார்.

கேசட்காரர். தன் வீட்டு டேப்ரெக்கார்டரில் ஓடிய வள்ளி திருமணமே மூலம், மேடையில் நடப்பது பாடபேதம் என்பது இவர் கொள்கை.

சினிமாக்காரர். 1945 'ஸ்ரீ வள்ளி'யில் டி.ஆர். மகாலிங்கம் இப்படியா பாடினார் என்பார். அவருடைய பேரன் அந்த இடத்தில் 'கந்தன் கருணை' என்பான்.

பக்தி மாத இதழ்க்காரர். பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்.

சிலம்புக்காரர் இவர்கள் எல்லோரையும்விட ஆபத்தானவர். 'கோவலன்' போடும் ராத்திரிகளில் மட்டும் வெளிப்படுவார். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-ல் அச்சில் கொண்டுவந்ததற்கு முன்பே, கிராமங்களில் கோவலன் கதை என்று ஒன்று நடையாடிக்கொண்டிருந்தது. அதில் கண்ணகி காளியின் அவதாரம். மாதவியின் மாலை தானாக வந்து கோவலன் கழுத்தில் விழும். சிலம்பிலோ அதே மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்துக் கூனியிடம் வாங்க வேண்டும். மேடைக் கோவலன் பெரும்பாலும் நாட்டுக்கதைக் கோவலன்தான். ஆகவே மாலை விழுந்த நொடியில் சிலம்புக்காரர் எழுந்துவிடுவார். மேடையில் இருக்கும் மாதவி கைதேர்ந்தவராக இருந்தால், "வாத்தியாரையா, அந்த ஆயிரத்தெட்டைக் கையில வச்சிருக்கீகளா? இருந்தா மாலையைக் கழட்டிப்புட்டு முதல்லேருந்து விக்கிறேன்" என்பார். சிலம்புக்காரர் உட்கார்ந்துவிடுவார். ஆனால் திருந்தமாட்டார்.

அவர் திருந்தாததற்குப் புவியியல் காரணம் உண்டு. கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருடத்தில் சித்திரைப் பௌர்ணமி ஒரே நாள்தான் பக்தர்களுக்கு அனுமதி. குமுளி வழியாக ஜீப்பிலோ, பளியன்குடியிலிருந்து காலால் நடந்தோ ஏறலாம். கண்ணகி எங்கள் மலையில் வந்து நின்றாள் என்று நம்பும் ஊரில், அவளைப் பற்றித் தப்பாகச் சொன்னால் அது இலக்கியப் பிழையாக இருக்காது. சொந்தக்காரியைப் பற்றிய அவதூறாகிவிடும்.

இந்த இடத்தில் ஆய்வாளன் தன் முதன்மைக் கண்டுபிடிப்பை அவையின்முன் வைக்கிறான்.

கண்ணகி மலையேறி ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள் என்கிறது சிலம்பு. வள்ளியைத் தேடி வேடனாக வந்த முருகன், நம்பிராஜன் வருவதைக் கண்டு வேங்கை மரமாகிவிட்டான் என்கிறது கந்தபுராணம். இரண்டு கதை, இரண்டு நாடகம், ஆனால் மரம் ஒன்றே. சிலம்பில் கண்ணகி ஏறியதோ நெடுவேள் குன்றம், நெடுவேள் முருகன். எனவே கண்ணகி நின்றது முருகனின் கீழ் என்று கொள்ள இடம் உண்டு (டீக்கடை மேற்குப் பெஞ்சு மரபு, இரண்டாம் டம்ளர், ஆடை நீக்கிய பதிப்பு). வள்ளிமலை வட ஆர்க்காட்டுப் பக்கம் இருக்க, மரம் கூடலூருக்கு எப்படி வந்தது என்று கிழக்குப் பெஞ்சு மரபினர் மறுக்கின்றனர். மரமாக மாறத் தெரிந்தவனுக்கு மரமாகவே நடக்கத் தெரியாதா என்பது மேற்குப் பெஞ்சின் மறுப்புக்கு மறுப்பு. சுருளி அருவிப் பக்கம் வேலப்பர் கோயில் இருப்பதே நடந்து வந்ததற்குச் சான்று என்பர் அவருள் ஒரு சாரார். வந்த களைப்பில் குளித்திருப்பார் என்பர் அச்சாராருள் ஒரு சாரார் (மேலது; அதற்கும் மேலது; ஒப்புநோக்குக: எண்ணெய் உறிஞ்சிய பொட்டலத் தாள், வரி நான்கு, வடையால் மறைக்கப்பட்டது, வடை நீங்கியபின் வரியும் நீங்கிற்று).

அந்தப் பொட்டலத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் நடுப்பக்கம். ஆய்வாளர், நெறியாளர், புறத்தேர்வாளர் மூவருக்கும் அடுத்து அதை வாசித்த நான்காவது ஆள் நான். மற்ற மூவர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

இனி மேடை மரத்துக்கு வருவோம். திரையில் எழுதிய காடு போதாது என்று பந்தல்காரர் மைக் ஸ்டாண்டில் ஒரு கொப்பைக் கட்டியிருப்பார். கொப்பு வேங்கை அல்ல, வேம்பு. வேங்கை பூத்தால் பொன் மஞ்சள், பட்டையைக் கீறினால் செந்நிறப் பால் வடியும், அதை எடுத்துக் குழந்தைக்குப் பொட்டு வைப்பார்கள் என்றெல்லாம் சிலம்புக்காரரும் புராணக்காரரும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, முழங்குவார்கள். நூலில் வேங்கை இருக்க மேடையில் வேம்பு எப்படி வரலாம்? பந்தல்காரர் தந்த விடை இத்துறையில் இனி யாராலும் தவிர்க்க முடியாதது. "அண்ணே, வேங்கையில கொப்பு வெட்டுனா ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான். வேம்புல வெட்டுனா மாரியாத்தா மட்டும்தான் கேப்பா. அவளுக்குத்தான இந்தத் திருவிழாவே."

புத்தகத்தைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தும் இந்நோய் நம் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை அப்போதைக்கப்போது பேசியே வளர்க்க வேண்டும். அரிதாரம் இல்லாத ஸ்பெஷல் நாடகம். கதை நடத்துபவர் ஆர்மோனியக்காரர். 1984-ல் 'டிராகன்லான்ஸ்' என்ற பெயரில் ஆட்டப் புத்தகங்களும் அதே கதைக்கு நாவலும் சேர்ந்தே வந்தன. மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் எழுதிய நாவல் நன்றாக விற்றது. வந்தது வினை. நாவல் படித்தவனுக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். தெரியாததுபோல் நடிப்பதா, 'அந்த வீரன் இப்படிப் பேசமாட்டான்' என்று நடத்துபவரைத் திருத்துவதா? நாவலின் மாவீரர்கள் உலகத்தைக் காப்பாற்றி முடித்த பிறகு மேசையில் இருக்கும் நமக்கு என்ன வேலை? பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் இதையெல்லாம் கொதிப்போடு சொன்னபோது, அவன் குரலில் எங்கள் சிலம்புக்காரரைக் கேட்டேன். அவனிடம் சீட்டில் பத்து ரூபாய் வைத்து அனுப்பும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன்.

மேற்கோள் என்றாலே எங்களுக்கு இளக்காரம் என்று எண்ண வேண்டாம். பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்லும் செப்பேடுகள் எங்கள் சின்னமனூரில் கிடைத்தவை. செம்பில் வெட்டி ஆதாரம் வைத்த மண் இது. ஆனால் ஆதாரம் கேட்டு எழுந்தவர்களின் வரலாறு அவ்வளவு கௌரவமாக இல்லை.

கந்தபுராண அரங்கேற்றத்திலேயே, முதற் செய்யுளின் முதற்சொற் புணர்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லை என்று புலவர்கள் தடுத்தார்களாம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வந்து, விதி வீரசோழியத்தில் இருக்கிறது என்று காட்டினாராம். வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். முருகன் கதையைக் காப்பாற்றியது புத்தர் வழி வந்த இலக்கணம். தடுத்தவர்களுக்கோ அப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் பாட்டு ஒன்று மதுரையைப் பழிக்கிறது என்று மதுரையிலேயே எதிர்ப்பு கிளம்பியதையும், அவர் அதே சொற்களைப் பிரித்துக் காட்டி ஊருக்குப் புகழாக்கிவிட்டதையும் நாடகக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எழுந்து நின்று பாடம் கேட்கும் பார்வையாளருக்கு அவர் எதுவும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

என் தீர்ப்பு இது. புத்தகத்தை மேடையில் இருப்பவர் எடுத்தால் அது ஆயுதம். அவர் தப்பாகச் சொல்லலாம், பாதியில் விடலாம், திருக்குறள் என்று சொல்லிப் பழமொழியை விடலாம். அடுத்த வாயில் எதிராளி அதைப் பிடித்துக்கொள்வார், தர்க்கம் வளரும். அதே புத்தகத்தைப் பாயில் இருப்பவர் எடுத்தால் நாடகம் நின்று, ஊர்ப்பெரியவர் மைக்கைப் பிடித்து, "அமைதி, அமைதி" என்பார். மைக் கிடைத்த ஊர்ப்பெரியவர் அன்பளிப்புப் பட்டியலை வாசிக்காமல் இறங்கியதாக வரலாறு இல்லை. ஒரு மேற்கோளின் விலை அரை மணி நேரம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் கோவலன் போட்டால் சிலப்பதிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே தீருவேன் என்றால் ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. சீட்டு அனுப்புவதாக இருந்தால் பத்து ரூபாய் இப்போது செல்லாது, நூறாக வையுங்கள்.