கூலியில்லாக் கச்சேரி

எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கலாம் என்று டீக்கடையில் சொன்னதும் மாமா கேட்டார்: "இளையராஜா பாட்டு உண்டா மாப்ள?"

இளையராஜாவே 2025 மார்ச் 8-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றிவிட்டார். நாம்தான் அய்யனார் கோயில் காதுகுத்துக்கு இன்னும் பழைய பாட்டையே போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். ஆனால் அந்த லண்டன் வாத்தியக்காரர்கள் சம்பளக்காரர்கள். என் மனதில் இருந்தது ஸ்க்ராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா. 1969-இல் லண்டனில் கார்னீலியஸ் கார்டியூ இரண்டு நண்பர்களோடு ஆரம்பித்தது. சங்கீதம் தெரியாதவரும் சேரலாம். கன்பூசியஸ் நூலை வைத்து கார்டியூ எழுதிய 'தி கிரேட் லேர்னிங்'கில் கல்லைத் தட்டுவதும் விசில் ஊதுவதும்கூட வாசிப்புதான்.

"விசிலுக்கு நம்ம கண்டக்டர் இருக்காரு" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல். நவீன இசை மக்களுக்குப் புரியாது என்பவர்கள் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்ததில்லை போலும்.

அடுத்து, மைக் செட்காரரிடம் போனேன். ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கர் 1968-இல் ஸ்பீக்கர்களுக்கு மேலே மைக்குகளைக் கட்டித் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டினார். ஒவ்வொரு மைக்கும் ஸ்பீக்கரைக் கடக்கும்போது 'கூய்ங்' என்று கத்தும். அதுதான் உருப்படி. நீங்கள் ஆடி மாதம் முழுக்க வாசிப்பதும் அதுதான் என்று பாராட்டினேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது வாசிப்பு இல்ல சார், கோளாறு. நான் திருகினா அடங்கிடும். அந்த ஊர்ல மைக் செட்காரனுக்குத் தொழில் தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

ஒத்திகைக்கு நேரம் குறிப்பது அதைவிடக் கஷ்டம். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் பாத்தியில் இறங்க வேண்டும். எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் உப்பு வேலை கிடையாது, ஆனால் நாங்கள் கேட்ட கொட்டகை ஒழுகும்.

ஸ்க்ராட்ச் ஆர்க்கெஸ்ட்ரா கடைசியில் என்ன ஆனது என்றும் மாமா விசாரித்தார். இசை யாருக்காக என்று அரசியல் சண்டை போட்டு, சில வருஷத்திலேயே கலைந்துபோனது என்றேன்.

"அப்ப நம்ம ஊரு மன்றம் மாதிரிதான். சரி, கூலி எவ்ளோ?"

"கூலி கிடையாது மாமா. இஷ்டப்பட்டு வாசிக்கிறது."

முதல் தடவையாக அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. கல், விசில், கூய்ங் எதற்கும் வராத குழப்பம்.

"சோறாவது போடுவீங்களா?"

"போடுவோம்."

"அப்ப நான் கல்லு" என்றார்.